பட்டையில்லாத தோட்டா

வெர்லின் ஸ்கார் கட்டிய மனைவியோடு இரண்டு குளிர்காலம்தான் வாழ்ந்தார். ஏழு மில்லிமீட்டர் மேக்னம் தோட்டாவோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். இரண்டில் எது அவரை ஏமாற்றவில்லை என்று ஆல்டர் ஃபோர்க் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரையே கேட்டுவிட்டால் மத்தியானம்வரை எழுந்திருக்க முடியாது.

மர ஆலை இருந்தவரை ஆலையில் வேலை பார்த்தார். அது மூடிய பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினார். முழங்கால் தகராறு பண்ண ஆரம்பித்ததும் அதையும் விட்டார். சொந்தம் என்று மிச்சமிருந்தது தம்பி டாயில் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாயில் வீட்டில் சாப்பாடு. டாயிலின் மனைவி மார்லிஸ் மூன்று தட்டு வைப்பாள். பிள்ளைகள் சியாட்டிலுக்கும் டென்வருக்கும் போய்விட்ட பிறகும் வெர்லினுக்கான அந்த மூன்றாவது தட்டு குறையவில்லை. மற்ற ஆறு நாளும் வெர்லின் டப்பாவைத் திறந்து, அடுப்பருகே நின்றபடியே சாப்பிடுகிறவர். குடும்பம் என்று அவருக்கு இருந்தது அந்த ஒரு தட்டுதான். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்கிற ஜாதி இல்லை அவர்.

சுட்ட தோட்டாவின் கூட்டைத் தூக்கி எறிகிறவன் வெர்லின் கணக்கில் மனிதனே இல்லை. சுட்டதும் பித்தளைக் கூடு கொஞ்சம் ஊதிப்போகும். அதைப் பிரஸ்ஸில் வைத்து அச்சுக்குள் ஏற்றிப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு பொறி கிளப்பும் புது பிரைமரை அடியில் குத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அமுக்கினால் மறுபடியும் தோட்டா. அவருடைய வேலைமேசையில் ஒரு சமயத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். ரேடியோ பாடாது. நுனி வளைத்த கம்பி ஒன்றை ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விட்டு, சுவர் எங்காவது மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அச்சை எவ்வளவு இறக்குவது என்பதில் மட்டும் அவருக்கு யோசனையே கிடையாது. கூட்டைத் தாங்குகிற இரும்புத் தட்டில் முட்டும்வரை திருகி, அதற்குமேல் இன்னொரு கால் திருகு. அந்தத் தோட்டாவின் அடியில் ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை உண்டு. துப்பாக்கிக்குள் தோட்டா அறையின் விளிம்பில் அந்தப் பட்டை உட்கார்ந்து தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். கூட்டின் கழுத்துக்குக் கீழே சரிகிற தோள் கொஞ்சம் இறங்கிப்போனாலும் குடி முழுகிவிடாது.

டாயிலுக்கும் அவர்தான் தோட்டா போட்டுக் கொடுப்பார். அண்ணனும் தம்பியும் ஒரே ரகத் துப்பாக்கி, ஒரே தோட்டா. அதில் வெர்லினுக்கு ஒரு பெருமை இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் டாயிலின் இடுப்பின் மேல் ஒரு மரக்கட்டை உருண்டது. பிழைத்தான், ஆனால் காலை இழுத்துத்தான் நடந்தான். பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி எல்க் மானுக்குக் கிட்டே போகிற காலம் முடிந்துவிட்டது. இந்த மேட்டில் படுத்துக்கொண்டு எதிர்மேட்டில் நிற்பதைச் சுட்டால்தான் உண்டு. நடுவில் பள்ளத்தாக்குக் காற்று குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் டாயில் புதிதாக வந்திருந்த மேக்னம் ஒன்றை வாங்கினான். அதுவும் ஏழு மில்லிமீட்டர்தான். ஆனால் கூடு குட்டை, உடம்பு பருமன், மேலே நீளமான ஊசிக் குண்டு. காற்று அதை அவ்வளவாக அசைக்காது. அடியில் பட்டை கிடையாது.

காபிக் கடையில் காலை நேரத்து மேசைக்கு அதன் பிறகு வேறு பேச்சே இல்லை. பழையது எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், புதியதின் கூட்டுக்குத் தவம் கிடக்க வேண்டும் என்பார் வெர்லின். புதியது தூரத்திலும் தாழாமல் போகிறது என்பான் டாயில். அந்தத் தூரத்தில் சுடுகிறவன் வேட்டைக்காரனா என்பார் இவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் யார் பேசி ஜெயிப்பது?

"அறுபது வருஷமா எல்க் இதுல செத்துக்கிட்டுத்தான் இருக்கு. வேற தோட்டா இல்லையான்னு ஒண்ணுகூடத் திரும்பி வந்து கேக்கல" என்றார் ஒருநாள்.

"செத்தது கேக்காதுதான். காயத்தோட ஓடினதைத் தேடிக்கிட்டு நொண்டிக் காலோட நானில்ல போகணும்" என்றான் டாயில்.

மேசையே சிரித்தது. அடுத்த நாற்காலியில் இருந்த லெஸ்டர், முன்பு பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். தானும் அந்தப் புதுத் துப்பாக்கிக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். வெர்லினுக்கு அது உள்ளே போய்க் குத்தியது. தம்பி தோற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அந்தத் தோட்டா தோற்க வேண்டும் என்று நினைத்தார். இரண்டும் வேறு வேறு என்றும் நினைத்துக்கொண்டார்.

அப்படியும் புதுத் தோட்டாவைப் போட்டுத்தரச் சொல்லி டாயில் அவரிடம்தான் வந்தான். என் கையாலேயே என் வாயை அடைக்கப் பார்க்கிறாய் என்று முணுமுணுத்தார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. டாயில் வாங்கி வந்த புது அச்சைப் பிரஸ்ஸில் மாட்டினார். தட்டில் முட்டும்வரை திருகினார். அதற்குமேல் இன்னொரு கால் திருகு. கை தானாகச் செய்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான்.

பட்டையில்லாத தோட்டாவைப் பிடித்து நிறுத்துவது அதன் தோள்தான். அந்தத் தோளை அச்சு கீழே தள்ளிவிட்டால் தோட்டா அறைக்குள் ஆடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு பின்னால் இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்துகொண்டே வரும். துப்பாக்கி பிடிக்கிற பொடியன்கள்கூட இப்போது அறிந்த சங்கதி. வெர்லினுக்கும் எங்கோ படித்த ஞாபகம் உண்டு. ஆனால் வாழ்நாளில் பட்டையில்லாத கூடு ஒன்றைக்கூட அவர் அச்சில் ஏற்றியதில்லை.

டாயில் கோடை முழுவதும் சுட்டுப் பழகினான். அதே கூடுகள் மறுபடி மறுபடி வெர்லினின் பிரஸ்ஸுக்கு வந்தன. அக்டோபர் கடைசியில், வேட்டைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், கடைசி முறையாக நிரப்புவதற்கு அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. மெல்லிய நகக்கீறல் மாதிரி, கூட்டைச் சுற்றி முழு வட்டம்.

அவருக்கு வந்தது சந்தோஷம். அதைத்தான் பின்னால் அவரால் மன்னிக்க முடியவில்லை. பார்த்தாயா, இத்தனை விலை கொடுத்து வாங்கிய புதுக் கூடு நாலு தடவைக்குள் நைந்துபோகிறது என்று நினைத்தார். லெஸ்டர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தார். வேட்டை முடிந்து வந்ததும் மேசைமேல் வைத்துக் காட்டலாம் என்று அந்தக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு தெளிவாக எதிலும் இல்லை. வளைந்த கம்பி கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. எடுக்கவில்லை. அது அவருடைய தோட்டா இல்லையே. நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் இருவரும் மேட்டில் ஏறியபோது பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. எதிர்மேட்டுப் பனியில் ஒரு பெரிய ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. டாயில் படுத்து, பையின் மேல் துப்பாக்கியை வைத்து, நிதானமாகச் சுட்டான். சத்தம் வழக்கம்போல இல்லை, ஏதோ கிழிந்ததுபோல வந்தது. டாயில் முகத்தைப் பொத்திக்கொண்டு புரண்டான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

"வெர்லின், விழுந்துச்சா?" என்றுதான் அவன் முதலில் கேட்டான்.

"நிக்குதுடா" என்றார் வெர்லின். அது கொஞ்சநேரம் நின்றுவிட்டு மரங்களுக்குள் நடந்துபோனது.

துப்பாக்கியை அப்படியே விட்டுப்போகக் கூடாது என்று சுட்ட கூட்டை வெளியே எடுக்கும் போல்ட்டை இழுத்தார். கூட்டின் அடித்துண்டு மட்டும் வெளியே வந்தது. மிச்சம் உள்ளேயே சிக்கியிருந்தது. கிழிந்த விளிம்பு மெல்லிய தகடுபோல மின்னியது. சட்டைப் பையில் இருந்த கூடு அவர் நெஞ்சில் அழுத்தியது.

மிசூலா மருத்துவமனையில் பித்தளைத் துகளை எடுத்தார்கள், கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. வலது கண். அவன் குறி பார்க்கிற கண்.

வீட்டுக்கு வந்ததும் வெர்லின் பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்தார். கடையில் வாங்கிய தோட்டா ஒன்றையும் தான் போட்ட தோட்டா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு தோளுக்கும் நேராக அளவுகோலைப் பிடித்தார். தன்னுடையதன் தோளுக்கும் அளவுகோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அச்சைத் தொட்டுப் பார்த்தார். தட்டில் முட்டி, இறுகிக் கிடந்தது. தோட்டாவில் குற்றமே இல்லை. அவர் கைதான் தம்பியின் கண்ணைப் பறித்தது.

காபிக் கடையில் வேறு கதை ஓடியது. வெர்லின் அப்போதே சொன்னார், யாரும் கேட்கவில்லை என்றார்கள். லெஸ்டர் புதுத் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வெர்லினின் காபிக்கும் ஆப்பிள் கேக்குக்கும் தானே பணம் கொடுத்தார். ஊர்க்காரர்கள் தங்கள் பழைய கூடுகளைப் பையில் கட்டி, நீங்கள்தான் போட்டுத்தர வேண்டும் என்று வந்தார்கள். எத்தனையோ வருஷம் அந்த மேசையில் அவர் ஏங்கியும் கிடைக்காத பாராட்டு இப்போது தினமும் கிடைத்தது. வாயைத் திறந்து மறுக்க முயன்றார். மனிதருக்கு அடக்கம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டாயிலே அதைச் சொன்னான். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும், அந்தப் புதுத் தோட்டா சரியில்லை, அண்ணன் எச்சரித்தான் என்றான். மார்லிஸ் வெர்லினின் தட்டில் இறைச்சியை இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவரால் விழுங்க முடியவில்லை. அந்த மூன்றாவது தட்டை இழந்துவிடுவோம் என்ற பயம் ஒருபக்கம். அதில் சாப்பிடத் தனக்கு என்ன யோக்கியதை என்கிற அருவருப்பு ஒருபக்கம். குளிர்காலம் முழுவதும் இரண்டுக்கும் நடுவே கிடந்து நைந்தார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் டாயில் வீட்டுக்குப் போனார். டாயில் கொட்டகையில் இருந்தான். தன்னுடைய பழைய பட்டைத் தோட்டாத் துப்பாக்கியை இடது தோளில் வைத்து, இடது கண்ணால் குறி பார்த்துப் பழகிக்கொண்டிருந்தான். போல்ட் தப்பான பக்கத்தில் இருந்ததால் கை தடுமாறியது. அண்ணனைப் பார்த்ததும் கீழே வைத்தான்.

"டாயில், அது தோட்டா இல்லடா. நான்தான். அச்சை ரொம்ப இறக்கிட்டேன்."

டாயில் ஆச்சரியப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து, துப்பாக்கி ரிப்பேர்காரர் தோட்டா அறைக்குள்ளிருந்து எடுத்துத் தந்த கூட்டின் மேல்துண்டை மேசைமேல் வைத்தான்.

"எடுத்த அன்னைக்கே அவரு சொல்லிட்டாரு, தோளு இறங்கியிருக்குன்னு" என்றான்.

"அப்புறம் ஏன்டா ஊரெல்லாம் அப்படிச் சொன்ன?"

"தோட்டா மேல பழி போட்டா தோட்டாவுக்கு வலிக்காது. உன்மேல போட்டா, ஞாயித்துக்கிழமை உனக்கு எதுத்தாப்ல உக்காந்து நான் எப்படிச் சாப்பிடறது? கை பழக்கம், தப்பிப்போச்சு. விடு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பாவமன்னிப்பு கையில் வைத்துக் கொடுக்கப்பட்டாயிற்று, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் வெர்லின் கூட்டுக்குள் கம்பி விட்டுப் பார்க்கிற மனிதர், ஒரே ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையை மறைத்துக்கொண்டு தம்பி முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து வளையம் விழுந்த கூட்டை எடுத்து, அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்தார்.

டாயில் அதை எடுத்து, ஒற்றைக் கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்ப கெடச்சுது?"

"கெளம்பறதுக்கு முந்தின நாள்."

"முந்தின நாளே பாத்துட்டியா?" டாயிலின் குரல் இறங்கியது. "இதை எதுக்குத் தனியா எடுத்து வெச்ச?"

"கடையில காட்டலாம்னு" என்றார்.

டாயில் கூட்டைக் கீழே வைத்தான். வெளியே கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் வெர்லின் அவன் காலில் விழுந்திருப்பார். துப்பாக்கியை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். காலை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"இனிமே ரெண்டு தட்டு போதும்னு மார்லிஸ்கிட்டச் சொல்லிடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்லின் வீட்டில் டப்பாவைத் திறந்தார், சாப்பிடவில்லை. மறுநாள் காலை காபிக் கடைக்குப் போனார். லெஸ்டர் அவருக்காக நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம், புதுத் தோட்டாவைப் பற்றி முதலிலேயே சரியாகச் சொன்ன ஆள் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார். வெர்லின் உட்கார்ந்தார். உட்கார அவருக்கு வேறு மேசை இல்லை.