ஓர் ஏட்டில் மட்டும் இருந்த பிள்ளை

இன்று காலை செஞ்சியில், எங்கள் பங்குக் கோயில் அலுவலகம்.

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தவர்கள் பட்டியலை, ஞானஸ்நான ஏட்டையும் அடக்க ஏட்டையும் இணைத்து டெய்சி டீச்சர் கம்ப்யூட்டரில் எடுத்திருந்தார்.

எங்கள் தெரு ஆரோக்கியமேரி அம்மாள் கேட்டார்: "எம் மூத்த புள்ள இருக்கானா? அறுபத்தஞ்சுல பொறந்து ரெண்டே நாள்ல போய்ட்டான்."

பட்டியலில் இல்லை. உயிர் போகும் நேரத்தில் மருத்துவச்சியே வீட்டில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை. அதை யாரும் ஞானஸ்நான ஏட்டில் எழுதவில்லை.

"ரெண்டு ஏட்டுலயும் இருந்தாத்தான் வரும் பெரியம்மா," என்ற டீச்சர், அடக்க ஏட்டில் உள்ள எல்லாரும் வரும்படி மாற்றினார்.

'ஆரோக்கியமேரியின் ஆண் குழந்தை' என்று வந்தது. பெயர்க் கட்டம் காலி.

"பேரு இன்னா பெரியம்மா?"

"சூசை. இத்தினி வருசத்துல நீதாம்மா மொதல்ல கேட்ட."

நாற்பது வருடம் பத்திரிகையில் மரணச் செய்தி எழுதியவன் நான். அடுத்த வீட்டுக்காரன். அந்தப் பெயரை அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிப் போன ஒரு பிள்ளையின் பெயரை, அதன் தாயிடம் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?