வெள்ளிக்கிழமை மாற்றிய ஓர் எழுத்து

எண்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் ஏற்றுமதி அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யூனிக்ஸில் ஓடும் ஒரே பெட்டி, அதோடு இணைத்த ஆறு திரைகள். வெள்ளி மதியம் தொழுகைக்காக அலுவலகத்தைச் சாத்தும்போது பெட்டியையும் அணைத்துவிடுவோம். இரண்டரைக்கு அதை மறுபடி இயக்குவது தட்டச்சு அக்காவின் பொறுப்பு. தோ பாயோவிலிருந்து வரும் கத்தோலிக்கப் பெண்மணி. மாலையில் கணினி வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் ஆப்பரேட்டர் வேலையை அவருக்கே தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளி மதியம் வட்டைச் சோதிக்க உட்கார்ந்தேன். பெட்டியைப் பலமுறை அணைத்து இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கட்டளை அடிக்கச் சோம்பல்பட்டு, அது தானாகவே ஒற்றை ஆள் நிலையில் தொடங்கும்படி தொடக்கக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினேன். அந்த நிலையில் பெட்டிக்குப் பக்கத்துத் திரை மட்டும்தான் வேலை செய்யும். சோதனை முடிந்தது, அணைத்தேன், பசி வயிற்றைக் கிள்ள சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன். எழுத்தைப் பழையபடி மாற்றவில்லை. மெத்தனம், வேறென்ன.

திரும்பி வந்தபோது பெட்டிக்குப் பக்கத்துத் திரையைத் தவிர மற்ற ஐந்தும் செத்துக் கிடந்தன. அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"நான் எழுதி வச்ச நோட்டுல உள்ளபடிதான் செஞ்சேன் தம்பி. என்னன்னே புரியல லா."

"கப்பல் பேப்பர் எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்குப்பா," என்று முதலாளி கத்தினார்.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. எழுத்தை மாற்றி மறுபடி இயக்கினேன். திரைகளுக்கு உயிர் வந்தது.

"ஆன் பண்றப்ப ஏதோ தப்பாயிடுச்சு முதலாளி. இப்ப சரியாயிடுச்சு."

யார் தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லார் பார்வையும் அக்கா பக்கம் திரும்பியது. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன், கோழை.

ஆப்பரேட்டர் வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா வகுப்பையும் விட்டுவிட்டார். ஒருநாள் டப்பாவில் மீன் பொரியல் கொண்டுவந்தார்.

"அன்னைக்கு நீ மட்டும் வரலன்னா முதலாளி என்னைத் தொலைச்சிருப்பாரு."

ஒரு வாய் வைத்தேன். டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன்.

கூடவே தன் நோட்டையும் நீட்டினார். "எனக்கு இனி எதுக்கு? புதுசா வந்தவங்ககிட்ட குடு தம்பி."

பெட்டியை இயக்கும் படிகளை எண் போட்டு அழகாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு படிக்கும் நேராக ஒரு சரிக்குறி. அடியில் பென்சிலில், "நாலு தடவை பார்த்துட்டேன். நான் எங்க தப்பு பண்ணேன்?"

நோட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவருக்குப் பதிலும் சொல்லவில்லை.