மூன்றாவது ராஜாவுக்கு டூட்டி

மாலை நான்கு பத்துக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அட்டைக் கிரீடம். சக உதவி ஆசிரியரின் கீபோர்டு மேல், ஒட்டிய ஜிகினாத் தாளில் பசை காயாமல் இருந்தது.

அல்லிநகரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் நாளிதழ் அலுவலகம். பொறுப்பாசிரியர், அவர், நான் என்று மூன்று பேர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது.

"என்னய்யா, முடிசூட்டு விழாவா? சொல்லவே இல்ல" என்றார் பொறுப்பாசிரியர்.

"எங்க ஊர் கோயில்ல நாடகம்ணே. இருபத்தி நாலாந்தேதி சாயங்காலம். எம் மக சம்மனசு, அதான் தேவதூதர், றெக்கையெல்லாம் தச்சாச்சு. குழந்தை ஏசுவப் பாக்க வர்ற மூணு ராசாவுல நான் மூணாவது ராசா. போன வருசமும் போகல. இந்த வாட்டியும் வரலைன்னா எங்கூடப் பேச மாட்டாளாம்."

அவருக்கு அனுமந்தன்பட்டி. இருபத்து நான்காம் தேதி மாலை டூட்டியும் அவருக்குத்தான்.

"அது எப்படிய்யா? கிறிஸ்துமஸ் பக்கத்த உம்ம விட்டா யாரு பாக்கிறது? குடிலு, பூசையெல்லாம் உமக்குத்தான அத்துப்படி."

பொறுப்பாசிரியர் இதைப் பாராட்டாகவே சொன்னார். டீ வந்தால் முதல் கிளாஸை எங்கள் பக்கம் நகர்த்துகிற மனிதர்.

நான் கேட்டேன். "அண்ணே, தீபாவளிக்கு முந்தின நாள் யாரு இருந்தாக?"

"இவருதான். அவுகளுக்குத் தீபாவளி கிடையாதே ஆத்தா."

"பொங்கலுக்கு?"

"இவருதான். பொங்கலும் அவுகளுக்கு..."

"எங்களுக்கும் உண்டுண்ணே" என்றார் மூன்றாவது ராஜா. "கோயில் வாசல்லயே பானை வைப்போம். நீங்க கேட்டதில்ல."

"சரி, கிறிஸ்துமஸுக்கு?" என்றேன்.

"அது அவுக பண்டிகையாச்சே, அதனால அவருதான..." பாதியில் நின்றார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஏ ஆத்தா, பண்டிகை இல்லைன்னாலும் டூட்டி, இருந்தாலும் டூட்டியா? அப்ப இந்த மனுசன் என்னைக்குத்தான் வீட்ல இருப்பாரு?"

கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தார். காதுவரை இறங்கியது. "நீரு போய்யா. பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

இருபத்து நான்காம் தேதி மாலை ஆறரை மணிக்கு, கிறிஸ்துமஸ் பக்கத்துக்கு வந்த குடில் படத்தைப் பார்த்துப் பொறுப்பாசிரியர் பதறினார். "தொட்டி காலியா இருக்கு. குழந்தை ஏசுவைக் காணோமே! படம் எடுத்தவன் என்னத்தப் பாத்தான்?" போனை எடுத்து ராஜாவின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கும் முன்பே துண்டித்தார்.

"வேணாம். மேடைல நிப்பாரு."

கீழே இறங்கிப் போனார். பேக்கரியில் கேக் வாங்க வந்த ஓர் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டு மூச்சுவாங்கத் திரும்பினார். "நடுச்சாமப் பூசைலதான் குழந்தைய வைப்பாகளாம். படம் சரிதான்."

எட்டு மணிக்கு ராஜாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கிரீடம் புருவத்தில் இறங்கியிருந்தது. இடுப்பில் சம்மனசு, ஒரு றெக்கை மடங்கி, வாயில் முறுக்கோடு.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள் டூட்டி எனக்கு.