நாதாங்கிச் சத்தம்

6-4-1976 – ரூ. 40
11-6-1976 – ரூ. 60
3-9-1976 – ரூ. 60
17-1-1977 – ரூ. 75

பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அபுசாலி தன் தாய்க்கு அனுப்பிய மணியார்டர்கள் இவை. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் அப்போது திருமானூர் போஸ்ட்மாஸ்டர்.

தாய் ஜைத்தூன் பீவி இடியாப்பம் விற்றுப் பிழைத்தவர். பணம் நின்றதிலிருந்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு முடிந்ததும் அவர் வீட்டு வாசல் கதவின் நாதாங்கி ஆடும். மகன்தான் என்று ஓடிப்போய்த் திறப்பார். ஆள் இருக்காது. கடிதம் இல்லை என்று சொல்லப் போன ஒரு மாலை நானும் கேட்டேன். காற்று இல்லை, சத்தம் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து ஒரு முறம் புளியங்கொட்டையோடு வந்தார். இறந்தவருக்காக அதில் எண்ணி எழுபதாயிரம் கலிமா ஓதுவது அந்தத் தெரு வழக்கம்.

“ஓதிருவோம்க்கா. புள்ள ரூஹாவது நிம்மதியா இருக்கட்டும்.”

“உசுரோட இருக்கிறவனுக்கா ஓதுவ? ஒம் புருசனுக்கு ஓதுடி, அவந்தான் பொணமாட்டம் தூங்குறான்!”

பாத்துமுத்து கோபித்துக்கொண்டு போனார். கொட்டை தங்கிவிட்டது.

பள்ளிவாசல் மோதினார் சொன்னார்: “அல்லாவ நெனச்சாத்தாம்மா நெஞ்சு அடங்கும். ஒனக்காக ஓது.”

அன்று முதல் ஜைத்தூன் பீவி மாலைதோறும் கொட்டைகளைக் கிண்ணம் மாற்றிப் போட்டபடி ‘அல்லாஹ், அல்லாஹ்’ என்பார். எண்ணமாட்டார். “எண்ணுனா மவுத்தானவங்களுக்கு ஓதுன மாதிரி ஆயிரும் சார்.” கணக்கு எழுதியே வாழ்ந்த எனக்கு அது விளங்கவில்லை. நாதாங்கி ஆடும்போது முதலில் அவர் விரல் நின்றது. பிறகு அதுவும் நிற்கவில்லை. எழுந்து ஓடுவதை விட்டார். இரவில் தூக்கம் வருகிறது என்றார்.

கடைசியாகப் பம்பாய் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அபுசாலியின் கையெழுத்து இல்லை. தபால்காரரிடம் கொடுக்க மனம் வராமல், மாலையில் நானே போய் நாதாங்கியை ஆட்டினேன். உள்ளே கொட்டை விழும் ஓசை நிற்கவில்லை. மறுபடி ஆட்டினேன்.

“ஜைத்தூனம்மா, நான்தான், போஸ்ட்மாஸ்டர்.”

“நெசமாவே ஆளா?”

கதவைத் திறந்தார். உறையைப் பார்த்தார். “படிங்க சார்.”

கூட வேலை பார்த்தவன் எழுதியிருந்தான். 1977 பிப்ரவரியில் மூட்டை சரிந்து அபுசாலி இறந்துவிட்டான். ஊர் விலாசம் இப்போதுதான் அவன் பெட்டியில் கிடைத்தது.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கொட்டைகளையெல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டினார். கலிமா சொல்லி ஒன்றை எடுத்து வைத்தார்.

“ஒண்ணு. எழுதிக்குங்க சார், நூறுக்கு மேல எனக்கு எண்ண வராது.”

பேனாவைத் திறந்தேன். நாதாங்கி ஆடியது. என் கை நின்றது.

“ரெண்டு,” என்றார்.

கடிதம் வந்த நாள்: 9-11-1983, புதன்கிழமை.