முதலில் வந்தவளின் நேரம்

ஒரகடம் கம்பெனியில், அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்பவர்களின் வேகத்தை ஸ்டாப்வாட்சில் அளப்பது என் வேலை. வேகமான கையையே பார்த்துப் பழகிய கண் எனக்கு.

ஷிப்ட் முடிந்து மகளின் பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குப் போனேன். தினமும் மூச்சிரைக்க ஓடிப் பழகியவள் கடைசியாகத்தான் வந்தாள். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு எத்தினி செகண்டும்மா? போனவாட்டியவிட கொறைஞ்சிதா?"

செல்போனில் ஓடவிட்டிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். முதல் பெண் கோட்டைத் தொட்டதுமே நிறுத்தியிருந்தேன். மறைக்காமல் அதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. தண்ணீர் குடித்தாள்.

"மறுபடி ஓடறேன். இந்தவாட்டி என்னைப் பாத்துகினு இரு."

காலியான மைதானத்தில் தனியாக ஓடினாள். களைப்பில், போன தடவையைவிட நேரம் கூடியிருந்தது. அதையும் சொன்னேன்.

"நாளைக்கு கொறைச்சிடலாம்மா" என்றாள்.

வீடு சேரும்வரை, முதலில் வந்தவளின் நேரத்தை அவள் கேட்கவே இல்லை. செல்போனிலிருந்து அதை நானே அழித்தேன்.