வியாழனிலிருந்து வெள்ளிக்கு ஒரு கோடு

1. காலையில் வந்த கேள்வி

எங்கள் ஆபீஸ் திருத்தணியில், அரக்கோணம் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெப்சைட் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி, மொத்தம் ஆறு பேர். நான் பிராஜெக்ட் மேனேஜர். எந்த வேலை எப்போது வந்தது, யார் கையில் இருக்கிறது, என்றைக்கு முடிய வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. பதினான்கு வருஷமாக மணவூரிலிருந்து ரயில் ஏறி வந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு கதைதான். அதில் நான் நல்ல பிள்ளை இல்லை.

ஆடி மாதக் கடைசி வாரம், காலை பத்து மணி இருக்கும். முனிரத்தினம் மாடி ஏறி வந்தார். ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக மேனேஜராக இருப்பவர். அந்த மண்டபத்துக்கு நாங்கள் ஆன்லைன் புக்கிங் சைட் செய்து, லைவ் விட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“ஏம்மா, ஆவணி மொத வியாழக்கெழம மண்டபம் யாருக்கு?”

ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னேன். “வியாழக்கெழம நகரிக்காரங்களுக்கு. வெள்ளிக்கெழம கே.ஜி.கண்டிகைக்காரங்களுக்கு. ரெண்டும் கன்ஃபர்ம்தாங்க.”

“பூ டெகரேஷன்காரன் போன் பண்ணிகினே கீறான். வியாழக்கெழம சாயந்திரம் ஒரே மேடைக்கு ரெண்டு கல்யாணக்காரங்களும் ஆர்டர் குடுத்துக்கீறாங்களாம். யாரு பேரை மேடையில போடறதுன்னு என்னைக் கேக்கறான். நான் யாரைக் கேக்கறதும்மா?”

விஷயம் இதுதான். கண்டிகைக்காரர்கள் தமிழ்க் குடும்பம். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் வியாழக்கிழமை மத்தியானமே மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். அன்று சாயந்திரம் வரவேற்பு, மறுநாள் காலையில் தாலி. நகரிக்காரர்கள் தெலுங்குக் குடும்பம். அவர்களுக்கு முகூர்த்தமே வியாழக்கிழமை ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு. சைட் இரண்டையும் இரண்டு தனித்தனித் தேதியாகப் பார்த்து, இரண்டு பேரையும் வாங்க வாங்க என்று அழைத்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டார்கள்.

2. சீட்டு நகர்த்தும் வியாதி

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

ஆபீஸ் சுவரில் ஒரு போர்டு உண்டு. வந்தது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று பத்தி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. அந்தச் சமயத்தில் பதினோரு பிராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தது. பொதட்டூர்பேட்டை லுங்கிக் கடை ஒன்று, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கேன் சென்டர், மீதியெல்லாம் உதிரி. எல்லாரும் நேற்றே வேண்டும் என்பார்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சீட்டைப் பிய்த்து முடிந்தது பக்கம் ஒட்டினால் அரை மணி நேரம் மனசு அடங்கும். பிறகு அடுத்த சீட்டு உறுத்த ஆரம்பிக்கும். இதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி டில்லி பாபுவும் அப்படித்தான் நினைத்தார்.

மண்டப சைட்டை ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் லைவ் விட வேண்டும் என்று மண்டபத்து ஓனர் நெருக்கினார். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணிக்கு மண்டபம் பிடிக்க ஆடியில்தான் அலைவார்கள். கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஆபீஸ் வந்து சேர மாட்டார்கள். ஆகவே எனக்குக் கையில் இருந்தது எட்டே நாள்.

முனிரத்தினம் அதுவரை எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். அதை வாங்கி வந்து டெவலப்பர் லோகேஷிடம் கொடுத்தேன். லோகேஷ் பொதட்டூர்பேட்டைக்காரன். வீட்டில் நாள் முழுக்கத் தறி ஓடும். அந்தச் சத்தத்திலேயே படித்து வளர்ந்ததால் எந்த இரைச்சலிலும் புரோகிராம் எழுதுவான், வாய் மட்டும் திறக்க மாட்டான். அன்றைக்குத் திறந்தான்.

“மேடம், சில பக்கத்துல ஒரு சாஞ்ச கோடு கீது பாருங்க. இந்தத் தேதியில ஆரம்பிச்சு அடுத்த தேதி மேல போவுது. இது இன்னான்னு அவரைக் கேட்டுக்கலாமா?”

எனக்கு அந்த நேரம் ஸ்கேன் சென்டர் டாக்டர் லைனில் இருந்தார். டைரியைப் பார்த்தேன். நீல மையில் ஒரு கோடு, ஒரு பக்கத்தின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மேல் வரைக்கும். பேனா சறுக்கியது மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

“அவரு கிறுக்கிக்கினு இருப்பாரு. வுடு. தேதியை மட்டும் ஏத்து” என்றேன்.

லோகேஷ் விட்டான். நான் மஞ்சள் சீட்டை முடிந்தது பக்கம் ஒட்டினேன்.

அது கிறுக்கல் இல்லை. தெலுங்குக் கல்யாணம் வந்தால் முனிரத்தினம் அந்த ராத்திரியிலிருந்து மறுநாள் பக்கத்துக்கு ஒரு கோடு போடுவார். மறுநாள் முகூர்த்தத்துக்கு யார் வந்து கேட்டாலும், கோட்டைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு கோடுதான் அந்த மண்டபத்தை நடத்தியிருக்கிறது.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அக்காவைக் கொடுத்திருப்பதே நகரி பக்கத்தில். அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். பாவா வீட்டு வழக்கப்படி அவள் கல்யாணம் நடுராத்திரியில்தான் நடந்தது. தாலி கட்டும்போது நான் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன் என்று பாவா இன்றைக்கும் கேலி செய்வார்.

3. கையெழுத்து

முனிரத்தினம் போன பிறகு டில்லி பாபு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் கம்பெனிக்கு ஒன்று என்றால் அவர் மூளை வேறு வழியில் ஓடும்.

“சைன்-ஆஃப் ஷீட் கீதா?”

“ஆங், இருக்குதுங்க.”

“யாரு கையெழுத்து?”

“முனிரத்தினம்.”

“அப்புறம் இன்னாங்க? எல்லாம் செக் பண்ணிட்டேன், சரியா கீதுன்னு அவரே போட்டுக்கீறாரு. அதை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடறேன். நம்ம பக்கம் கிளீன்.”

பீரோவிலிருந்து அந்த ஷீட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அதை முனிரத்தினத்தின் முன்னால் வைத்து, “இங்க போடுங்க” என்று விரலால் தொட்டுக் காட்டியதும் நான்தான். அவர் என்ன ஏது என்று கேட்காமல் போட்டார். எடுத்துக் கொடுக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வந்தது. இருந்தும் கொடுத்தேன். தப்பித்தோம் என்றுகூட ஒரு நிமிஷம் இருந்தது, அதை மறைப்பானேன்.

மத்தியானம் முனிரத்தினம் மறுபடி வந்தார். இந்தத் தடவை தானாகவே உட்கார்ந்தார்.

“என் டைரியைக் குடுத்துடும்மா. உங்கிட்டயே கீது.”

“எதுக்குங்க?”

“ஓனரு போன் பண்ணாரு. கம்ப்யூட்டர் சரியாத்தான் கீதாம். நான்தான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேனாம். இந்தக் கல்யாணம் ரெண்டும் ஒரு வழியா ஆனதும் சாவியைக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாரு. அந்த டைரியில சமையல்காரரு, மேளக்காரரு நம்பர் எல்லாம் கீது. அடுத்து வர்றவனுக்கு எழுதி வச்சிட்டுப் போறேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். மேஜை டிராயரைத் திறந்து டைரியை எடுத்தேன். இனிமேல் இது உங்களுக்குத் தேவையில்லை என்று ஒரு மாதத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே உள்ளே போட்டது. எதிர் மேஜையில் லோகேஷ் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு அவமானமாக இருந்தது.

“டைரி நாளைக்கு ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டுங்க” என்றேன்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகாமல் ஓனருடைய அரிசி மில்லுக்குப் போனேன். டில்லி பாபுவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பார், நானும் அதைச் சாக்காக வைத்து நின்றிருப்பேன். டைரியைப் பிரித்துக் கோட்டைக் காட்டினேன்.

“இது இன்னான்னு எங்க பையன் கேட்டான்ங்க. நான்தான் வுடுன்னு சொன்னேன். முனிரத்தினம் ஒண்ணும் மறைக்கல, எழுதித்தான் வச்சிருக்காரு.”

“அப்போ கையெழுத்து?”

“அதுல இன்னா இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாதுங்க. நான் படிச்சும் சொல்லல. போடுங்கன்னேன், போட்டாரு.”

ஓனர் டைரியை முன்னும் பின்னும் புரட்டினார். கோடுகளை எண்ணுகிறார் போலிருந்தது. நான் நின்றபடியே இருந்தேன்.

“இதைச் சொல்றதுக்கு ஒரு நாள் ஆச்சா உங்களுக்கு?” என்றார்.

டைரியை மூடி என்னிடம் நீட்டினார்.

“சரி, அவரு இருக்கட்டும். ஆனா ரெண்டு கல்யாணமும் சண்டை இல்லாம நடக்கணும். அதை நீங்களும் அவரும் பாத்துக்குங்க. உங்களுக்குத் தர்றதா இருந்த எங்க ஸ்கூல் வெப்சைட் வேலையை வேற எடத்துல குடுத்துக்கறேன்.”

டில்லி பாபு அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்றால்கூட லோகேஷ் மூலம்தான் சொல்லி அனுப்பினார்.

4. நாற்பது பக்க நோட்டு

நகரிக்காரர்கள் முகூர்த்தத்தை நகர்த்த முடியாது. அது நட்சத்திரம் பார்த்து வைத்த நேரம். சனிக்கிழமை மண்டபத்தில் வேறு கல்யாணம் இல்லை, அதனால் வெள்ளிக்கிழமை சாயந்திரமும் காலி. நகரிக்காரர்கள் வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்துக்குள் காலி செய்து கொடுத்தால், கண்டிகைக்காரர்கள் ஒன்பது மணி முகூர்த்தத்தை அங்கேயே வைத்துக்கொண்டு, வரவேற்பை வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குத் தள்ளலாம். முனிரத்தினம் போட்ட கணக்கு இது. நகரியில் அவரே தெலுங்கில் பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்.

கண்டிகைக்கு இரண்டு பேருமாகப் போனோம். பெண்ணின் அப்பா ஏகாம்பரம், வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தார். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க பண்ண தப்புக்கு நான் எதுக்கும்மா ஊரெல்லாம் போன் பண்ணிக்கினு இருக்கணும்? பொண்ணு வூட்ல இன்னாமோ ஆயிப்போச்சின்னு பேசுவாங்க. அது தெரியுமா உங்களுக்கு?”

அது எனக்கு உறைத்தது. தள்ளிப்போன வரவேற்பு என்றால் முதலில் பெண்ணைத்தான் சந்தேகப்படுவார்கள்.

“நீங்க பண்ண வேணாங்க. பத்திரிகை வச்சவங்க லிஸ்டைக் குடுங்க. நானே பண்றேன். எங்க கம்பெனி தப்புன்னு ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்றேன்.”

அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை முதல் அட்டை வரை பெயர்கள்.

நான்கு நாள் போன் செய்தேன். மெசேஜ் அனுப்பினால் போதும் என்று லோகேஷ் சொன்னான். முனிரத்தினம் கூடாது என்றார். ஓர் இடத்தில் உட்கார முடியாத நான் நான்கு நாள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். “தப்பு எங்களோடதுங்க, பொண்ணு வீட்டுக்காரங்க மேல ஒண்ணும் இல்லீங்க.” சொல்லிவிட்டு, “அன்னிக்குச் சாயந்திரம் வர்றதுல உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம் இருக்குதுங்களா?” என்று கேட்டேன். முதல் நாள் கேட்ட கையோடு போனை வைக்கத்தான் பார்த்தேன். ஆனால் ஜனங்கள் பதில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விரதம், சாப்பாட்டில் பூண்டு இருக்கக் கூடாது என்று ஒருவர். திரும்பிப்போகக் கடைசி பஸ் கிடைக்காது என்று பொதட்டூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மா. லோகேஷ் அவர்களுக்காக ஒரு வேன் பேசி, வேனோடு தானும் போனான். இத்தனை வருஷ வேலையில் யாருடைய பதிலுக்கும் நான் அவ்வளவு நேரம் காத்திருந்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நகரிக்காரர்கள் மண்டபச் சாவியை முனிரத்தினம் கையில் கொடுத்தார்கள். ஒன்பதே காலுக்குக் கண்டிகைப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியது. ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஆள் அனுப்பினார். முனிரத்தினம் பக்கத்து இலையில் உட்கார்ந்து, இடுப்பில் சாவிக்கொத்தோடு சாப்பிட்டார்.

புக்கிங் ஃபார்மில் “ராத்திரி முகூர்த்தமா?” என்று ஒரு கேள்வியை லோகேஷ் சேர்த்தான். அதற்கு அரை மணி நேரம் ஆனது. நான் அன்றைக்கு டாக்டரை லைனில் நிறுத்திவிட்டு முனிரத்தினத்தைக் கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். முனிரத்தினம் டைரியும் எழுதுகிறார், கோடும் போடுகிறார். வேண்டாம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கால் ஆடுவது நிற்கவில்லை. சீட்டை நகர்த்தக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். எங்கள் சைன்-ஆஃப் ஷீட் இப்போது தமிழில் ஒரே பக்கம். கஸ்டமர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, ‘நான் கேட்காமல் விட்டது’ என்று ஒரு வரி. அதை நிரப்பி, அங்கேயே அதைக் கேட்டுவிட்டு, முதலில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர் போடலாம். அது காலியாக இருந்தால் சீட்டு நகராது என்று சட்டம் போட்டதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் இந்த வேலையில் அப்படி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட எழுத எதுவும் இல்லாமல் பேனாவை மூடியதில்லை.