குடையை மறந்துவிட்டு வருபவர்

லண்டன் ஹரோவில் ரயிலுக்கு நின்றபோது பிலேந்திரன் அண்ணையின் மனைவி றீற்றா அக்கா போனில் வந்தார். "பிள்ளை, அண்ணை விடியக்காலமை எங்களை விட்டிட்டுப் போயிட்டார்." என் கைப்பையில் மலாவிப் பயணத் தாள்கள் இருந்தன. அடுத்த மாதம் முதல்முறையாகத் தனியே போகிறேன். அன்று மாலை அவரிடம் கேட்கவென்று கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். ஐயோ, இனி யாரிடம் கேட்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மன்னாரில் பிறந்த திரு. பிலேந்திரன் அவர்கள் பிரித்தானிய அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவிப் பிரிவில் வேலை செய்தவர். ஆபிரிக்க நாடுகளுக்கு உத்தியோகப் பயணம் போய், உதவி சேருகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவார். போகிற இடமெல்லாம் குடையை மறந்துவிட்டு வருவார். அவருக்குக் கீழே வேலை செய்த நாங்கள் ஆபீசில் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

அவரோடு நான் போன முதல் பயணம் மலாவிக்கு. கிராமத்துக் கிளினிக் ஒன்றில் புதுப் பெயின்ற் வாசம், பிள்ளைகளின் வரவேற்புப் பாட்டு, அலுமாரி நிறைய மருந்து. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜீப் அரை மணி நேரம் ஓடியபின் அண்ணை, "அட, குடை!" என்றார்.

"விடுங்கோ அண்ணை, வேற வாங்கலாம்."

"ஏலாது பிள்ளை. வண்டியைத் திருப்பச் சொல்லு."

கிளினிக் வாசலில் ஒரு வான் நின்றது. அலுமாரி மருந்தையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் காட்டுவதற்காக வேறு ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய மருந்து! அவர் குடையை மறப்பதில்லை, சொல்லாமல் திரும்பி வந்து பார்க்கத்தான் விட்டுவிட்டு வருகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. தாதி, "வெறும் அலுமாரியைக் கண்டால் உதவியை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தோம்" என்றார். காய்ச்சல் பிள்ளைகளோடு தாய்மார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீப்பில் அவரோடு சண்டை பிடித்தேன். "உண்மையை எழுதினா கிளினிக்கை மூடிப்போடுவினம் அண்ணை!"

"எழுதத்தான் வேணும். ஆனா நாங்கள் வாறம் எண்டு ஒரு மாசம் முந்தியே சொல்லி அந்தச் சனத்தைப் பயப்படுத்தினதையும் எழுது. எங்கட மருந்து ஏன் அங்க போய்ச் சேரேல்லை எண்டும் கேள்."

அறிக்கைக்கு மேலிடத்துப் பதில் வரும்வரை அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து திறந்து மூடினார். "நான் எழுதினதால அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லாமல் போயிடுமோ?" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பார். கடைசியில் மருந்து போய்ச் சேர்ந்தது.

இப்போது நான் போகவேண்டியதும் அதே கிளினிக்குக்குத்தான். எங்கள் பிரிவில் செலவைக் குறைக்கிறார்கள், உதவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று என் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

அடக்கம் முடிந்து அவர்களுடைய நோர்பரி வீட்டில் றீற்றா அக்கா எல்லாரையும் திடமாக உபசரித்தார். "எனக்கு ஒண்டுமில்லை, சாப்பிட்டிட்டுப் போங்கோ." நானும் விடைபெற்று பஸ் தரிப்பில் நின்றேன். மனம் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் போயிருப்பார்கள் என்று தோன்றியதும் மழையில் திரும்பி நடந்தேன்.

கதவைத் திறந்த அக்காவின் முகம் அழுது வீங்கியிருந்தது. தோளில் அண்ணையின் கோட்டு.

"என்ன பிள்ளை, ஏதும் விட்டிட்டுப் போனியோ?"

"ஓம் அக்கா. குடையை."

என் தலைக்குமேல் குடை விரிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுதார்.

போய் வாருங்கள் அண்ணை. மலாவியிலும் திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.